சபை எப்படிச் சாமான் ஆனது?

டேனிஷ் மொழியில் 'டிங்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் 'என்' என்ற சிறு சொல்லைச் சேர்த்தால் குடை, மேஜை, சாவிக்கொத்து என்று எந்தப் பொருளும் அதில் அடங்கிவிடும். 'எட்' என்று சேர்த்தால் அதே டிங் ஒரு சபை; சட்டம் இயற்றவோ தீர்ப்புச் சொல்லவோ கூடுகிற சபை. டென்மார்க்கின் நாடாளுமன்றத்துக்கு 'ஃபோல்கெடிங்' என்று பெயர். மக்களின் டிங் என்று பொருள். நார்வேயின் நாடாளுமன்றம் 'ஸ்டூர்டிங்', பெரிய டிங். ஐஸ்லாந்தில் 'அல்திங்கி', அனைவருக்குமான டிங். ஜெர்மனில் 'டிங்', டச்சில் 'டிங்' என்று இதே சொல் இன்று பொருளை மட்டும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இதுதான் 'திங்'. பள்ளிப் பருவத்திலேயே 'சம்திங்', 'நத்திங்', 'எவ்ரிதிங்' என்று நாம் கற்றுக்கொள்ளும் சாதாரணச் சொல். பெயர் நினைவுக்கு வராத எதற்கும் ஆங்கிலேயர் வைக்கும் பொதுப்பெயரும் அதுவே.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதில் வியப்பில்லை. தமிழில் 'மாலை' பொழுதையும் குறிக்கும், கழுத்தில் போடும் பூமாலையையும் குறிக்கும். ஆனால் அவை ஒலியால் ஒன்றாகத் தோன்றும் வெவ்வேறு சொற்கள். டிங் அப்படியல்ல. சபையைக் குறிப்பதும் சாமானைக் குறிப்பதும் ஒரே சொல்தான். எது முதலில் வந்தது என்று கேட்டால், பொருள்தான் முதலில் என்று சொல்லத் தோன்றும். கையில் பிடிக்கும் பொருளிலிருந்து கருத்துக்குப் போவதுதானே மொழியின் வழக்கமான பாதை? இங்கே நடந்தது நேர் எதிர். சபைதான் மூத்தது. அந்தச் சபைக்கும் முன்னால் இருந்தது காலம்.

4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பாதிரியார் விவிலியத்தைக் கோதிக் மொழிக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம், ஜெர்மன், டேனிஷ் எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெரிய நூல் அதுதான். அதில் 'தீஹ்ஸ்' என்று ஒரு சொல் வருகிறது. கிரேக்க மூலத்தில் 'உரிய காலம்' என்று இருக்கும் இடத்தில் அவர் அதைப் போட்டிருக்கிறார். இந்தத் தீஹ்ஸும் டிங்கும் ஒரே குடும்பம். இதை வைத்து மொழியறிஞர்கள் பாதையை இப்படி வரைகிறார்கள்: முதலில் குறித்த நேரம், பிறகு அந்த நேரத்தில் கூடும் கூட்டம், பிறகு கூட்டத்தின் முன் வரும் வழக்கு, பிறகு வழக்கில் பேசப்படும் விஷயம், கடைசியில் எந்த விஷயமும், எந்தப் பொருளும்.

முதல் படி நமக்குப் புரியாத ஒன்றல்ல. நீதிமன்ற வாசலில் நிற்கும் ஒருவர் 'இன்றைக்கு எனக்கு வாய்தா' என்று சொல்கிறார். அந்த வாய்தா ஒரு தேதி. ஆனால் அவர் வாயில் அது தேதியாக மட்டும் நிற்பதில்லை. அன்று நீதிபதி முன் நடக்கப்போகும் அமர்வும் அதற்குள் வந்துவிடுகிறது. நாளின் பெயர் கூட்டத்தின் பெயராவது இவ்வளவு எளிதாகத்தான் நடக்கிறது.

அந்தக் காலத்தில் நாள் குறிப்பது சாதாரண வேலையல்ல. காடுகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த குடியிருப்புகளுக்கு நாட்காட்டி கிடையாது, எழுத்துப் பழக்கமும் ஏறக்குறைய இல்லை. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே கடிகாரம் நிலா. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98ஆம் ஆண்டளவில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதியபோது, அவர்கள் அமாவாசையிலோ பௌர்ணமியிலோதான் கூடுகிறார்கள் என்று குறித்தார். நாட்களை அல்ல, இரவுகளை எண்ணுகிறார்கள் என்றும் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு வாரத்தை 'ஃபோர்ட்நைட்', அதாவது பதினான்கு இரவு, என்று இன்றும் சொல்வது அதே எண்ணும் முறையின் மிச்சம். யாரும் நேரத்துக்கு வருவதில்லை, ஆள் சேர்வதற்குள் இரண்டு மூன்று நாள் வீணாகிவிடுகிறது என்று டாசிட்டஸ் குறைபட்டுக்கொள்கிறார். வந்தவர்கள் ஆயுதத்தோடு உட்காருகிறார்கள். அமைதி காக்கச் சொல்லும் அதிகாரம் பூசாரிகளுக்கு. பேசியவர் சொன்னது பிடிக்கவில்லை என்றால் முணுமுணுப்பு. பிடித்திருந்தால் ஈட்டிகளை மோதி ஒலி எழுப்புவார்கள். லத்தீனில் எழுதிய டாசிட்டஸ் 'திங்' என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் 643ஆம் ஆண்டில், இத்தாலியை ஆண்ட லாங்கோபார்டு என்ற ஜெர்மானியக் குடியின் அரசர் ரோத்தாரி தம் சட்டத் தொகுப்பை 'கைரெதிங்ஸ்' முறையில் உறுதி செய்ததாக அத்தொகுப்பே சொல்கிறது. 'கைர்' என்றால் ஈட்டி. ஐந்து நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, ஈட்டியும் திங்கும் ஒரே சொல்லுக்குள் கைகோத்து நிற்கின்றன.

டிங் என்ற சொல் கல்லில் ஏறிய இடம் இதைவிடவும் பழையது. ரோமானியர் ஆண்ட பிரிட்டனின் வட எல்லையில், அவர்கள் எழுப்பிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி ஹவுஸ்ஸ்டெட்ஸ் என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. ரோமானியப் படையில் கூலிக்குப் போரிட வந்த ஜெர்மானிய வீரர்கள் 3ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு பலிபீடம் நட்டார்கள். 1883இல் அது கண்டெடுக்கப்பட்டது. எழுத்து லத்தீன். நேர்ச்சை 'மார்ஸ் திங்ஸுஸ்' என்ற தெய்வத்துக்கு. கூடவே பெதே, ஃபிம்மிலெனே என்று இரண்டு பெண் தெய்வங்களுக்கும். நட்டவர்கள் தங்களைத் 'துய்ஹாந்தி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்றைய நெதர்லாந்தின் துவெந்தே பகுதியில் அந்தப் பெயரின் சாயல் இன்னும் இருக்கிறது. ரோமானியப் போர்த்தெய்வமான மார்ஸின் பெயரோடு தங்கள் ஊர்ச் சபையின் பெயரை ஒட்டி, 'சபைக்குரிய மார்ஸ்' ஆக்கி வணங்கியிருக்கிறார்கள். ஊரைவிட்டு, கடலைத் தாண்டி, அடுத்தவர் எல்லைச் சுவரில் காவல் நிற்கும்போதும் அவர்கள் நினைவில் வைத்திருந்த தெய்வம் தங்கள் சபையின் தெய்வம். இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் இந்தக் கல்தான்.

ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமைக்கு 'டீன்ஸ்டாக்' என்று பெயர்; டச்சில் 'டின்ஸ்டாக்'. இந்தப் பெயர்கள் அந்தச் சபைத் தெய்வத்தின் வழியே வந்தவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ரோமானிய வாரத்தில் மார்ஸுக்குரிய நாள் அது. நம் வாரத்திலும் அதே கிரகத்தின் நாள்தான் செவ்வாய். ஆங்கிலேயரும் ஸ்காண்டிநேவியரும் மார்ஸுக்குப் பதிலாகத் தங்கள் தெய்வமான டீவ் அல்லது டியூர் என்பவரின் பெயரை வைத்தார்கள். 'டியூஸ்டே' அப்படி வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமாவாசை, பௌர்ணமி, வாரநாள் என்றெல்லாம் பேசியதும் தமிழ் வாசகர் மனத்தில் 'திங்கள்' என்ற சொல் மணி அடித்திருக்கும். நிலாவுக்கும் மாதத்துக்கும் வாரநாளுக்கும் திங்கள் என்கிறோம்; அங்கே நிலா பார்த்துக் கூடிய கூட்டத்துக்குத் திங் என்று பெயர்; இரண்டும் ஒன்றுதானோ? இல்லை. கன்னடத்தில் 'திங்களு', துளுவில் 'திங்கொளு' என்று உறவுகளோடு நிற்கும் சுத்தமான திராவிடச் சொல் திங்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஒலியை மட்டும் பார்த்து உறவு சொல்லத் தொடங்கினால் உலகத்தின் எந்த இரண்டு மொழியையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடலாம். அந்தப் பழக்கம் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. உண்மையான தமிழ்ச் சொல்லாய்வின் மேல் மற்றவர் வைக்கும் நம்பிக்கையைத்தான் அது குறைக்கிறது. ஆங்கிலத்துக்குள்ளேயே கூட, சிந்திப்பது என்ற பொருளில் வரும் 'திங்க்' என்ற சொல்லுக்கும் இந்தத் 'திங்'குக்கும் வேர் வேறு.

அப்படியானால் திங்கும் டிங்கும் உறவு என்பதற்கு என்ன சான்று? ஒழுங்கு. ஆங்கிலத்தின் 'திங்' பல்லிடுக்கில் காற்றை விட்டுச் சொல்வது. ஜெர்மனில் அந்த இடத்தில் டாக்டரின் 'ட' வரும். டேனிஷ், நார்வே, ஸ்வீடன் மொழிகளில் டிக்கெட்டின் 'ட' வரும். (தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் மேலே எல்லாமே 'டிங்' ஆகிவிட்டன.) மூன்று என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்தில் 'த்ரீ', ஜெர்மனில் 'ட்ரை', டேனிஷில் 'ட்ரே'. திருடன்: 'தீஃப்', 'டீப்', 'டியூவ்'. சொல்லுக்குச் சொல் அதே முறையில் மாறிக்கொண்டே போகிறது. ஒன்றிரண்டு சொல் ஒத்திருந்தால் விபத்து. நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டால் அது குடும்பம். பழைய 'த' ஒலியை இன்று நன்றாகக் காப்பாற்றி வைத்திருப்பவை ஆங்கிலமும் ஐஸ்லாந்தியமும். ஆனால் ஆங்கிலம் ஒலியை வைத்துக்கொண்டு சபையைத் தொலைத்துவிட்டது.

தொலைப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வாக்கியம் மிச்சமிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் நாட்டை ஆண்ட ஹ்லோத்ஹெரே, எயட்ரிக் என்ற அரசர்களின் சட்டம் அது. ஒருவன் இன்னொருவன் மேல் வழக்குச் சாட்டி, அவனை 'மன்றத்திலோ திங்கிலோ' சந்தித்தால், சாட்டப்பட்டவன் பிணை கொடுக்க வேண்டும் என்கிறது. இந்த வாக்கியத்தில் வழக்கு என்பதற்கு வரும் சொல் 'சக்கே'. அது இன்றைய ஆங்கிலத்தில் 'சேக்' என்று, 'அவனுக்காக', 'அதன் பொருட்டு' என்று சொல்லும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜெர்மனில் அதே சொல் 'ஸாக்ஹே' ஆகி, விஷயம், பொருள் என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. லத்தீனிலும் இதே கதை நடந்தது. வழக்கு என்ற பொருளும் கொண்ட 'காவுசா' பிரெஞ்சில் 'ஷோஸ்', இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் 'கோசா' ஆனது. இவை எல்லாவற்றுக்கும் இன்று பொருள், 'பொருள்'.

ஆக, ஐரோப்பாவில் வழக்கைக் குறித்த சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தேய்ந்து, சாமானைக் குறிக்கும் சொற்களாயின. இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊர்ச்சபைக்கு முன் வந்தது என்ன? தொலைந்த மாடு, நகர்த்தப்பட்ட எல்லைக்கல், திருப்பித் தராத வாள், கொலைக்கு ஈடாகக் கேட்ட வெள்ளி. 'இன்றைய திங் என்ன?' என்று கேட்டால் 'அந்த மாடுதான்' என்று பதில் வந்திருக்கும். அமர்வின் பெயர் வழக்குக்குப் போய், வழக்கின் பெயர் மாட்டுக்கே போய்விட்டது. நாலு பேர் நடுவில் வைத்துப் பேசப்பட்டதால் பெயர் பெற்றது பொருள். சும்மா கிடந்ததால் அல்ல. 

சபை சபையாகவே நெடுங்காலம் நின்ற இடம் ஐஸ்லாந்து. 930ஆம் ஆண்டில் அங்கே குடியேறியவர்கள் நாடு முழுவதற்கும் அல்திங்கி என்ற ஒரே சபை அமைத்தார்கள். இடத்தின் பெயர் திங்வெட்லிர், சபை வெளி. வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் பிளவுப் பள்ளத்தாக்கு அது. கருங்கற்சுவர் போல எழுந்து நிற்கும் பாறை, அதன் அடியில் புல்வெளி, பக்கத்தில் ஆறு, தொலைவில் ஏரி. கோடையில், இரவே இருட்டாத நாட்களில், இரண்டு வாரம் கூடுவார்கள். கல்லும் புல்மண்ணும் அடுக்கிய சுவர்களின் மேல் துணிக்கூரை போட்டுத் தங்குவார்கள். சட்டப்பாறை என்று ஒரு மேடு. அதில் ஏறி நின்று 'சட்டம் சொல்பவர்' நாட்டின் சட்டங்களை மனப்பாடமாக ஒப்புவிப்பார். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்று ஆண்டில் முழுவதும். 1117-18 குளிர்காலத்தில் எழுத்தில் ஏறும் வரை அந்நாட்டின் சட்டம் ஒரு மனிதரின் நினைவிலும் கேட்டவர்களின் காதிலும்தான் வாழ்ந்தது. அரசன் இல்லை, படை இல்லை. தீர்ப்பை நிறைவேற்றுவது வென்றவரின் பாடு.

1000ஆம் ஆண்டளவில் அந்தச் சபை உடையும் நிலைக்கு வந்தது. பழைய தெய்வங்களை வணங்கியவர்களும் கிறிஸ்தவர்களும் ஆளுக்கொரு சட்டம் என்று பிரிந்து நின்றார்கள். முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் இரு தரப்பும் விட்டன. அவர் பழைய தெய்வங்களின் பக்கத்து ஆள். தம் குடிலுக்குள் போய்ப் போர்வையை இழுத்து மூடிப் படுத்தார். ஒரு பகலும் ஓர் இரவும் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் சட்டப்பாறையில் ஏறி, சட்டத்தை இரண்டாகக் கிழித்தால் அமைதியையும் கிழித்துவிடுவோம் என்றார். எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும். ஆனால் குதிரை இறைச்சி உண்பது போன்ற சில பழைய வழக்கங்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்ப்பளித்தார். இதை ஆரி தோர்கில்சன் என்ற பாதிரியார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார்.

இந்தச் சபைகளைப் பொன்னுலகமாக வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே குரல் இருந்தது பெரும்பாலும் சுதந்திரமான ஆண்களுக்கு, அதிலும் நிலமும் ஆள்பலமும் உள்ளவர்களுக்கு. அடிமைகளுக்கு இல்லை. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற நம் பழமொழியை அங்கே கொண்டுபோனாலும் பொருந்தியிருக்கும். பிற்காலத்தில் டேனிஷ் ஆட்சிக்கு உட்பட்ட அதே திங்வெட்லிரில், ஆற்றின் ஒரு மடுவில் பெண்களை மூழ்கடித்துக் கொன்றார்கள். முறை தவறிய உறவு போன்ற குற்றங்களுக்கு அதுதான் தண்டனை. இன்றும் அதற்கு மூழ்கடிக்கும் மடு என்றுதான் பெயர். 1800இல் அல்திங்கி கலைக்கப்பட்டது. 1845இல் ரெய்க்யவிக்கில் மீண்டும் கூடியது. ஆனால் 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவிக்க ஐஸ்லாந்து மக்கள் தலைநகரில் நிற்காமல் அந்தப் பழைய பாறைக்குத்தான் போனார்கள்.

திங்வெட்லிர் என்ற பெயரே வைக்கிங்குகள் போன வழியெல்லாம் ஊர்ப்பெயராக விதைந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்தில் டிங்வால், ஷெட்லாண்டில் டிங்வால், லிவர்பூலுக்கு அருகே திங்வால். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள 'ஐல் ஆஃப் மான்' என்ற மான் தீவில் 'டின்வால்ட்' என்பது ஊர்ப்பெயர் அல்ல, நாடாளுமன்றத்தின் பெயர். ஆண்டுதோறும் வழக்கமாக ஜூலை 5 அன்று செயின்ட் ஜான்ஸ் கிராமத்தில், நான்கு படிகளாக அடுக்கிய பசும்புல் மேட்டின் மேல் அந்த நாடாளுமன்றம் திறந்தவெளியில் கூடுகிறது. வழியெங்கும் கோரைப்புல் பரப்பியிருக்கும். அந்த ஆண்டு இயற்றிய சட்டங்களின் சுருக்கத்தை அத்தீவின் சொந்த மொழியான மான் மொழியிலும் ஆங்கிலத்திலும் உரக்க வாசிப்பார்கள். நிறைவேறி 18 மாதத்துக்குள் இந்த மேட்டில் அறிவிக்கப்படாத சட்டம் செல்லாது. குறையுள்ள குடிமக்கள் மனுவோடு மேட்டின் அடிவாரத்துக்கு வரலாம்.

இங்கிலாந்தில் மிஞ்சியது ஒரு துண்டு. தலைவனின் வீட்டுக்குள் கூடும் சிறு சபைக்கு ஸ்காண்டிநேவியர் 'ஹூஸ்திங்', வீட்டு டிங், என்றார்கள். அது லண்டனில் 'ஹஸ்டிங்' என்ற நகர நீதிமன்றமானது. பிறகு அந்த மன்றத்தின் மேடைக்குப் பெயரானது. பிறகு தேர்தலில் வேட்பாளர்கள் ஏறிப் பேசும் மேடை. 1872இல் ரகசிய வாக்குமுறை வந்ததும் மேடை போயிற்று. பிரசாரக் களம் என்ற பொருள் மட்டும் நின்றது. நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களின் தேர்தல் செய்திகளில் 'ஹஸ்டிங்ஸ்' என்று படிக்கும்போது நாம் படிப்பது அந்த வீட்டு டிங்கைத்தான்.

ஜெர்மனில் சபை வேறு சொற்களுக்குள் ஒளிந்துகொண்டது. குறித்த நாளில் கூடும் நீதிமன்றத்துக்கு 'டாகெடிங்', நாள் டிங், என்று பெயர். அது தேய்ந்து, அதிலிருந்து 'ஃபெர்டைடிகன்' என்ற வினைச்சொல் பிறந்தது. நீதிமன்றத்தில் வாதாடுவது என்பதிலிருந்து காப்பது என்ற பொருளுக்கு வந்த சொல் அது. இன்று ஜெர்மன் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரரும் பாதுகாப்பு அமைச்சகமும் அந்தப் பழைய நீதிமன்ற நாளைப் பெயரில் சுமக்கிறார்கள். குற்றவாளியைப் பிடிப்பதற்கு 'டிங்ஃபெஸ்ட்' ஆக்குவது என்பார்கள்: சபைக்குத் தப்பாமல் பிணிப்பது. டச்சில் அவசர வழக்குக்குக் 'கோர்ட் கெடிங்' என்று பெயர். இதில் 'கோர்ட்' என்றால் நீதிமன்றமல்ல, குறுகியது.

இந்தச் சொல்லை நாஜிகளும் தோண்டி எடுத்தார்கள். 1930களில் 'திங்' என்ற பழைய எழுத்துக்கூட்டலிலேயே மலைச்சரிவுகளில் பெரிய திறந்தவெளி அரங்குகள் கட்டினார்கள். ஹைடல்பெர்க் மலைமேல் 1935இல் கோயபல்ஸ் திறந்துவைத்த அரங்கு இன்றும் இருக்கிறது. முணுமுணுத்து மறுப்புச் சொல்ல இடம் கொடுத்த சபையின் பெயரை, ஒருவர் பேசப் பல்லாயிரம் பேர் ஆரவாரம் மட்டும் செய்யும் இடத்துக்கு வைத்தார்கள். ஈட்டி ஒலி மட்டும் எஞ்சிய திங் அது.

ஐஸ்லாந்தில் ஒருவர் இன்று வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. மாவட்ட அதிகாரியின் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்கு அவர்கள் மொழியில் பெயர் 'திங்லீசிங்'. பிரித்தால், திங்கில் அறிவித்தல். முன்பு வாங்கியவரும் விற்றவரும் சபையின் முன் நின்று, இந்த நிலம் இனி இவருடையது என்று உரக்கச் சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் சாட்சி. இன்று பாறையும் இல்லை, கூட்டமும் இல்லை, அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிறது. செய்யும் வேலைக்குப் பெயர் மட்டும் அதுவேதான்.